குறும்படமும் குடும்பத்தின் மொழியும்



நகர வாழ்வில் குடும்ப உறவும் அதன் துன்பங்களும் குறும்படங்களில் எவ்வாறு இடம்பெறுகின்றன என்பது பற்றி இன்று பேச இசைந்துள்ளேன். நான் திரைத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். மொழியியல் பயின்று, அதையே கற்பித்து, ஓய்வு பெற்றவன். ஆகவே ஒளிப்பதிவைப் பற்றியோ படத்தொகுப்பைப் பற்றியோ நான் சொல்லக்கூடியது மிகக் குறைவு. படத்தில் வருவோர் ஒருவரை ஒருவர் எவ்வாறு அழைக்கின்றனர், எந்த மொழியில் சினக்கின்றனர், எந்த மொழியில் அழுகின்றனர், எந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்கின்றனர் என்பவற்றைக் கவனிப்பதே என் பழக்கம். அந்தக் கவனிப்பின் பயனைச் சிலவாகத் தொகுத்துத் தருகிறேன்.

இந்த அவையில் அமர்ந்திருக்கும் மாணவர்களுள் பலர் கைப்பேசியிலேயே படம் எடுக்கத் தெரிந்தவர்கள். பள்ளியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் தமிழ்க் குறும்படம் எடுப்பது இன்று அரிய செயல் அன்று. எனவே இவ்வுரை பார்வையாளர்க்கு மட்டும் உரியதன்று, எடுப்பவர்க்கும் உரியது.

வடிவமும் வரலாறும்

நாற்பது நிமிடத்திற்கு மேற்படாத படமே குறும்படம் என்பது ஆஸ்கர் விருதுக்குழுவின் வரையறை. நாம் காணும் படங்களோ பெரும்பாலும் பத்து அல்லது பதினைந்து நிமிடத்துக்குள் அடங்குபவை. அத்தகைய படமொன்றின் உரையாடலை எழுதிப் பார்த்தால் இரண்டு அல்லது மூன்று பக்கத்திற்கு மேல் வாராது. முழுநீளப் படத்தில் ஒரு சொல் தவறினால் அடுத்த காட்சியில் சரிசெய்துகொள்ளலாம். குறும்படத்தில் அதற்கு இடமில்லை.

தமிழ் படித்தவர்க்கு இவ்வடிவம் புதியதன்று. குறுந்தொகைப் பாடல்கள் நான்கு அடி முதல் எட்டு அடி வரை அமைந்தவை. அவற்றில் ஒருவர் பேசுவார். ஒரு சூழல் இருக்கும். பேச்சு முடிந்ததும் பாட்டும் முடிந்துவிடும். முன்கதையும் பின்கதையும் படிப்பவர் உள்ளத்தில் நிகழும். அகப்பாடலில் வரும் மாந்தர்க்கு இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. அவர்கள் தலைவி, தோழி, செவிலி, நற்றாய் என்று உறவாலும் நிலையாலும் மட்டுமே அறியப்படுவர். குடும்பத்தைப் பற்றிய நல்ல குறும்படங்கள் பலவற்றிலும் இதுவே நிகழ்கிறது. படம் முடிந்தபின் அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டால் நமக்குத் தெரியாது. அவர் அம்மா, அது போதும்.

சிங்கப்பூரில் குறும்படம் ஊன்றுவதற்கு ஒரு களம் தேவைப்பட்டது. சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழா 1987இல் தொடங்கியது. 1991 முதல் அதன் விருதுகளில் உள்ளூர்க் குறும்படங்களும் இடம்பெற்றன. முழுநீளப் படம் எடுக்கும் தொழில் ஏறக்குறைய ஓய்ந்திருந்த காலம் அது. அந்தக் குறும்படப் போட்டியில் வளர்ந்தவர்களே பிற்காலத்தில் முழுநீளப் படங்களுக்குச் சென்றனர். நம் சமூகத்தைச் சேர்ந்த கே. ராஜகோபால் 1995, 1996, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து தம் குறும்படங்களுக்காக அவ்விழாவின் நடுவர் குழுச் சிறப்புப் பரிசைப் பெற்றார். அந்தோணி சென் இயக்கிய «ஆ மா» என்னும் குறும்படம் 2007இல் கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பாராட்டைப் பெற்றது. பாட்டி ஒருவர் இறக்கும் தறுவாயில் இருக்க, குடும்பத்தார் கட்டிலைச் சூழ்ந்து நிற்கும் கதை அது. உலக விழாவொன்றில் இந்நகரம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட படங்களுள் ஒன்று, வானளாவிய கட்டடங்களைக் காட்டிய படம் அன்று. ஒரு மருத்துவமனைக் கட்டிலைக் காட்டிய படம்.

அடுக்குமாடி என்னும் நிலம்

முதல், கரு, உரி என்று அகத்திணையைப் பகுத்தனர் நம் முன்னோர். நிலமும் பொழுதும் முதற்பொருள். நம் நகரக் குறும்படத்திற்கு நிலம் எது? அடுக்குமாடி வீடே அது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தோன்றியது. இன்று இந்நாட்டுக் குடியிருப்பாளருள் ஏறத்தாழ ஐவரில் நால்வர் அக்கழகத்தின் வீடுகளில் வாழ்கின்றனர். நீண்ட பொது நடைபாதை, இரும்புக் கம்பிக் கதவு, மின்தூக்கி, கீழ்த்தளத்தில் ஒரே நாளில் நடைபெறும் திருமணமும் இழவும்: இவை கருப்பொருள்கள்.

எரிக் கூ இயக்கி 1997இல் வெளிவந்த «12 ஸ்டோரீஸ்» முழுநீளப் படமே ஆயினும், ஒரே புளோக்கில் ஒரே நாளில் நிகழும் மூன்று குடும்பக் கதைகளின் பின்னல் என்பதால் மூன்று குறும்படங்களாகவும் அதனைக் காணலாம். அதன் தலைப்பிலேயே ஒரு சிலேடை உண்டு. மாடி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் கதை என்று பொருள்படும் சொல்லும் காதுக்கு ஒன்றே. மாடிக்கு ஒரு கதை என்பது கருத்து. சுவர் ஒன்றுதான், ஆயினும் ஒரு வீட்டின் துயரம் அடுத்த வீட்டுக்குத் தெரியாது. கம்பத்தில் வாழ்ந்தபோது துன்பம் ஊருக்குத் தெரிந்தது. அடுக்குமாடியில் கதவைச் சாத்தியதும் அது குடும்பத்தின் தனிச்சொத்தாகிவிடுகிறது. நகரத் துன்பத்தின் தனித்தன்மை இதுவே. இடநெருக்கம் மிகுதி, அறிமுகம் குறைவு.

இடம் மாறுவதும் இந்நகரின் இயல்பு. டான் பின் பின் 2001இல் எடுத்த «மூவிங் ஹவுஸ்» என்னும் ஆவணக் குறும்படத்தைக் காணுங்கள். வீடு மாறுவது என்பது தலைப்பு. ஆனால் அதில் இடம் மாறுவோர் உயிரோடு இருப்பவர் அல்லர். இடுகாட்டு நிலம் வேறு பயனுக்குத் தேவைப்படுவதால், சீனக் குடும்பமொன்று தன் பெற்றோரின் எச்சங்களைத் தோண்டியெடுத்து, அடுக்கடுக்கான மாடங்கள் கொண்ட கட்டடத்திற்குக் கொண்டுசெல்கிறது. பெற்றோரும் கடைசியில் அடுக்குமாடிக்கே குடிபோகின்றனர். யாரையும் குற்றஞ்சாட்டும் குரல் அதில் இல்லை. ஒரு குடும்பம் தன் கடமையைச் செய்வதை நாம் பார்க்கிறோம். நிலம் குறைந்த நகரில் உறவுக்கு எவ்வளவு இடம் ஒதுக்க முடியும் என்ற கேள்வியோடு எழுகிறோம்.

மொழி இருந்தும் இல்லாமலும்

நாடு பொன்விழாக் கொண்டாடிய 2015இல் ஏழு இயக்குநர்கள் ஆளுக்கொரு குறும்படம் எடுத்து «7 லெட்டர்ஸ்» என்னும் தொகுப்பாக வெளியிட்டனர். கே. ராஜகோபாலின் «தி ஃபிளேம்» அவற்றுள் ஒன்று. பிரிட்டிஷ் படைகள் இங்கிருந்து வெளியேறிய காலத்தில், இங்கேயே இருப்பதா, புறப்பட்டுப் போவதா என்று ஓர் இந்தியக் குடும்பம் எதிர்கொண்ட கேள்வியே அதன் பொருள். ஆயினும் மொழியியல் மாணவர்க்கு நான் சிறப்பாகப் பரிந்துரைப்பவை அத்தொகுப்பில் உள்ள வேறு இரண்டு.

முதலாவது, கெல்வின் டோங் இயக்கிய «கிராண்ட்மா பொசிஷனிங் சிஸ்டம்». ஜொகூரில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் தாத்தாவின் கல்லறைக்கு ஆண்டுதோறும் குடும்பம் செல்கிறது. அங்கே பாட்டி, தாத்தாவின் ஆவிக்குச் சிங்கப்பூர் வீட்டுக்கு வரும் வழியைச் சொல்கிறார். எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எந்தக் கட்டடம் இப்போது இல்லை, அதற்குப் பதிலாக எது வந்திருக்கிறது என்று விவரிக்கிறார். பிள்ளைகளுக்கு இது சலிப்பூட்டுகிறது. பாட்டி மறைந்தபின் அந்த வழியைச் சொல்லும் பொறுப்பு பேரப்பிள்ளைக்கு வந்து சேர்கிறது. வழிசொல்லுதல் என்பது தாய்மொழிப் பாடநூலில் நாம் பயிற்சியாகக் கொடுக்கும் பகுதி. இடப்பக்கம் திரும்பு, நேரே போ என்னும் எளிய ஏவல் வினைகளே அவை. அந்த ஏவல் வினைகளைக் கொண்டே ஒரு மனைவியின் அன்பையும் ஒரு நகரத்தின் மாற்றத்தையும் ஒரே நேரத்தில் சொல்ல முடிந்திருக்கிறது. அன்பு என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் அன்பைச் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமா?

இரண்டாவது, ராய்ஸ்டன் டான் இயக்கிய «புங்கா சாயாங்». வீட்டில் தண்ணீர் நின்றுபோன சிறுவன் ஒருவன் அண்டை வீட்டு மலாய் மூதாட்டியின் உதவியை நாடுகிறான். இருவர்க்கும் பொதுவான மொழி இல்லை. பாட்டு அவர்களை இணைக்கிறது. இதற்கு முன்னோடி ஒன்று நம் நாடக மேடையில் உண்டு. குவோ பாவ் குன் 1988இல் மேடையேற்றிய «மாமா லுக்கிங் ஃபார் ஹெர் கேட்» என்னும் பன்மொழி நாடகத்தில், ஹோக்கியன் மட்டுமே பேசும் மூதாட்டியும் தமிழ் பேசும் முதியவரும் தத்தம் மொழியிலேயே பேசிக்கொண்டு பூனையைப் பற்றிப் புரிந்துகொள்கின்றனர். அந்த மூதாட்டியின் சொந்தப் பிள்ளைகளோ அவருடைய மொழியை விட்டு விலகிவிட்டனர். அயலாரோடு மொழி இல்லாமல் பேச முடிகிறது. பெற்ற பிள்ளைகளோடு மொழி இருந்தும் பேச முடியவில்லை. இதைவிடக் கடுமையான குடும்பத் துன்பம் வறுமையில்கூட இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த நிலை சீனக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் நூற்றுக்கு 3.3 பேர். 2020இல் அது 2.5 ஆயிற்று. அதே பத்தாண்டில் ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோர் 32.3இலிருந்து 48.3 ஆயினர். இவை வெறும் எண்கள் அல்ல. ஒவ்வொரு தசமப் புள்ளிக்கும் பின்னே ஒரு பாட்டியும் ஒரு பேரனும் ஒரே சோபாவில் அமர்ந்திருக்கின்றனர்; இடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது.

குடும்பத்தின் இலக்கணம்

உறவைக் காட்ட நம் மொழியில் என்னென்ன கருவிகள் உள்ளன என்பதை இனி நோக்குவோம். குறும்படம் எழுதும் மாணவர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, நாம், நாங்கள் என்னும் வேறுபாடு. கேட்பவரையும் உள்ளடக்கியது நாம். கேட்பவரை விலக்கியது நாங்கள். மலாயில் கித்தா, காமி என்று இதே வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இல்லை. ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். தாய் மருத்துவமனையில் இருக்கிறார். திருமணமாகிச் சென்ற தங்கை ஓடிவருகிறாள். அண்ணன், "அம்மாவ நாங்க பாத்துக்கறோம்" என்கிறான். அவள் முகம் மாறுகிறது. அவன் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. பொறுப்பை ஏற்றுக்கொள்வதாகத்தான் சொன்னான். ஆனால் அந்த ஒரு சொல்லால் அவள் அந்த வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். படத்தின் இறுதியில் அதே அண்ணன், "நாம பாத்துக்கலாம்" என்றால் கதை முடிந்துவிட்டது. அழுகை வேண்டாம், கட்டிப்பிடித்தல் வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம். ஒரு பிரதிப்பெயர் போதும்.

இரண்டாவது, ஆம் என்னும் இடைச்சொல். பிறர் கூற்றை எடுத்துச் சொல்லும்போது வினையின் இறுதியில் இதைச் சேர்க்கிறோம். கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாத வீட்டில் இந்த இடைச்சொல்லுக்கு ஓய்வே இல்லை. "அப்பாவுக்குச் சாப்பாடு வேணாமாம்." "அம்மா காலையில சீக்கிரம் போகணுமாம்." மூவரும் ஒரே கூடத்தில்தான் இருக்கின்றனர், ஆறு அடித் தொலைவை ஒரு குழந்தை ஆம் போட்டுக் கடக்கிறது. சண்டையைக் காட்டாமலே சண்டையைக் காட்டும் வழி இது. குழந்தை ஒருநாள் அந்த ஆமைச் சேர்க்க மறுத்தால், அதுவே படத்தின் உச்சம் ஆகலாம்.

மூன்றாவது, விடைபெறும் சொல். தமிழர் வீட்டில் எவரும் போகிறேன் என்று சொல்லிப் புறப்படுவதில்லை. போய்விட்டு வருகிறேன் என்பதே வழக்கு. வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. பிரிவைச் சொல்லும் வாயால் மீள்வதையும் சொல்லிவிட வேண்டும் என்பது நம் பண்பாட்டின் கட்டளை. ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் விடியுமுன் எழுந்து, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தைக் கடந்து, சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் தந்தையை நினைத்துப் பாருங்கள். அவர் புறப்படும்போது பிள்ளை உறங்குகிறது, திரும்பும்போதும் உறங்குகிறது. அவர் உறங்கும் பிள்ளையிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்வதை மட்டும் ஐந்து முறை காட்டினால் அது ஒரு குறும்படம். ஆறாம் முறை, உறங்குவதுபோல் கிடந்த பிள்ளை "போயிட்டு வாங்க" என்று சொல்லட்டும்.

நான்காவது, உறவுப் பெயர். தந்தையின் தமையன் பெரியப்பா, தம்பி சித்தப்பா, தாயின் உடன்பிறந்தான் மாமா. தந்தை வழி, தாய் வழி, மூப்பு, இளமை ஆகிய அனைத்தையும் சொல்லிலேயே வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இவர்கள் அனைவரும் அங்கிள். நம் இளையர் பலர் இன்று உறவினரையும் அயலாரையும் அங்கிள், ஆண்ட்டி என்றே அழைக்கின்றனர். இதைக் குறையாகச் சொல்ல நான் விரும்பவில்லை, மொழி மாறும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அயலாரை உறவாக்கும் பழக்கம் இம்மண்ணில் பழையது. அண்டை வீட்டு மலாய்ப் பெண்மணியை மக்சிக் என்றும் காப்பிக்கடை முதியவரை அங்கிள் என்றும் அழைப்பதில் ஓர் உறவு பிறக்கிறது. ஆனால் எல்லாரும் அங்கிள் ஆகும்போது, கடைக்காரரும் தாய்மாமனும் ஒன்றாகிவிடுகின்றனர். படத்தில் ஒரு சிறுவன் ஒருவரை முதலில் அங்கிள் என்றும் பிறகு மாமா என்றும் அழைத்தால், இடையில் ஏதோ நிகழ்ந்திருக்கிறது என்று பார்வையாளர் உணர்வார். இந்தக் கருவி ஆங்கிலத்தில் எழுதுவோர்க்குக் கிடையாது.

இவை அனைத்தும் திரையின் அடியில் ஓடும் சப்டைட்டிலில் மறைந்துவிடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நாமும் நாங்களும் ஒன்றாகின்றன. நீயும் நீங்களும் ஒன்றாகின்றன. போயிட்டு வரேன் என்பது பை என்று சுருங்குகிறது. இதனால் சிலர் ஒரு தவறான முடிவுக்கு வருகின்றனர். மொழிபெயர்ப்பில் எது நிற்குமோ அதை மட்டும் எழுதினால் போதும் என்று எண்ணி, ஆங்கிலத்தில் உரையாடலை எழுதித் தமிழாக்கி நடிகரிடம் கொடுக்கின்றனர். அவ்வாறு பிறந்த உரையாடலை இரண்டு வரியில் அடையாளம் கண்டுவிடலாம். தமிழர் வீட்டில் மகன் தாயிடம் "நான் உங்களை நேசிக்கிறேன்" என்று சொல்வதில்லை. "சாப்டீங்களா?" என்று கேட்பான். அதற்கு அந்தப் பொருளும் உண்டு.

யார்க்கு எந்த மொழி

இப்போது என் உரையின் மையக் கருத்துக்கு வருகிறேன். பன்மொழி நகரில் எடுக்கப்படும் படத்தில், எந்த மாந்தர்க்கு எந்த மொழி கொடுக்கப்படுகிறது என்பது ஒரு தீர்ப்பு. அதை எழுதியவர் அறிந்து செய்தாலும் அறியாமல் செய்தாலும் அது தீர்ப்பே.

மாணவர் குறும்படங்கள் பலவற்றில் நான் கண்ட ஒழுங்கு இது: குடிக்கும் தந்தை தமிழ் பேசுவார். அடிபடும் தாய் தமிழில் அழுவார். கும்பலில் சேரும் அண்ணன் தமிழில் மிரட்டுவான். அவர்களைக் காப்பாற்ற வரும் ஆசிரியை, மருத்துவர், சமூக ஊழியர் ஆங்கிலம் பேசுவர். கடைசிக் காட்சியில் பட்டம் பெற்று வரும் மகளும் ஆங்கிலம் பேசுவாள். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே எடுத்தால் இதில் பிழை காண முடியாது; நடைமுறையும் சில நேரம் அப்படித்தான். ஆனால் பத்துப் படங்களை வரிசையாகப் பார்க்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? தமிழ் துன்பத்தின் மொழி, ஆங்கிலம் துன்பத்திலிருந்து மீளும் மொழி என்றே கற்றுக்கொள்ளும். நாம் வகுப்பறையில் ஓராண்டு முழுதும் சொல்லும் நல்லுரையை இந்தப் பத்துப் படங்கள் ஒரு மாலையில் அழித்துவிடும்.

இதற்கு மாற்று, துன்பத்தை மறைப்பதன்று. எரிக் கூவின் «மை மேஜிக்» 2008இல் கான் விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவுக்குத் தேர்வான முதல் சிங்கப்பூர்ப் படம். அது தமிழ்ப் படம். முன்னாள் மந்திர வித்தைக்காரரான தந்தை, குடிக்கு அடிமையானவர், தம் மகனுக்காகத் தம்மை வருத்திக்கொள்கிறார். துன்பத்தில் அதற்குக் குறைவே இல்லை. ஆனால் அந்தத் தமிழ் துன்பத்துக்கு மட்டும் உரியதாக இல்லை. மகன்மேல் கொண்ட பாசமும் அதில்தான் வருகிறது. ஒரு மொழிக்கு முழு வாழ்வையும் கொடுத்தால் அதில் துன்பமும் தன் இடத்தைப் பெறும். துன்பத்தை மட்டும் கொடுத்தால் மொழியே துன்பமாகிவிடும்.

மலேசியத் தமிழ்ப் படங்களும் இதில் நமக்கு வழிகாட்டுகின்றன. தீபக் குமாரன் மேனன் இயக்கிய «செம்மண் சாலை» 2005இல் தோட்டப்புற வாழ்வைக் காட்டியது. அவருடைய அடுத்த படமான «சலங்கை» கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பூ விற்று வாழும் தாயின் குடும்பத்தைக் காட்டியது. தோட்டத்திலிருந்து நகரம் என்னும் அந்த நகர்வே மலேசியத் தமிழரின் அரை நூற்றாண்டு வரலாறு. சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் இயக்கிய «ஜகாட்» அந்நகர்வின் விலையைச் சொன்னது. கெட்ட என்று பொருள்படும் மலாய்ச் சொல்லாகிய ஜஹாட், அங்குள்ள தமிழர் நாவில் பெற்ற வடிவமே அத்தலைப்பு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகர விளிம்பில் குடியேறிய குடும்பத்துச் சிறுவனின் கதை, மலாயும் தமிழும் கலந்த ஒரு சொல்லைத் தலைப்பாகக் கொண்டிருப்பது மிகப் பொருத்தம். அந்தச் சொல் எந்த அகராதிக்கும் அஞ்சாமல் தன் இடத்தைச் சொல்கிறது. சென்னைப் படங்களின் பேச்சைக் கடன் வாங்கிப் பேசும் உள்ளூர் மாந்தர்க்கு அந்த வலிமை வாராது.

துன்பத்தை எழுதும் முறை

துன்பத்தைப் பற்றிச் சில சொற்கள். வறுமை என்றதும் கிழிந்த உடை, ஒழுகும் கூரை, உரத்த அழுகை என்று எழுதிவிடுகிறோம். நம் நகரின் வறுமை அவ்வாறு தோன்றாது. ஓரறை வாடகை வீட்டிலும் தரை துடைத்துத் தூய்மையாக இருக்கும். பிள்ளையின் சீருடை தேய்த்து மடித்திருக்கும். வறுமை வேறிடத்தில் இருக்கும். இரவு வேலைக்குப் போகும் தாயும் பள்ளிக்குப் போகும் மகளும் ஒரே மெத்தையை முறைவைத்துப் பயன்படுத்துவதில் இருக்கும். பள்ளிச் சுற்றுலாவுக்கான ஒப்புதல் படிவத்தை, "எனக்குப் போக விருப்பமில்லம்மா" என்று சொல்லிப் பிள்ளை தானே மறைத்துவைப்பதில் இருக்கும். அந்தப் பொய்யைத் தாய் அறிந்தும் அறியாதவர்போல் இருப்பதில் இருக்கும். துன்பத்தைப் பொதுவாகச் சொன்னால் இரக்கம் பிறக்கும். நுட்பமாகச் சொன்னால் மதிப்புப் பிறக்கும். குடும்பங்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது மதிப்பையே.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

ஆசிரியர் சிலர்க்கு ஒரு தயக்கம் இருக்கக்கூடும். தேர்வில் எழுத்துத்தமிழ் வேண்டும். படத்தில் பேச்சுத்தமிழ் வந்தால் மாணவர் குழம்பமாட்டாரா என்பது அது. 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் வேண்டும் என்று பரிந்துரைத்ததை நினைவூட்ட விரும்புகிறேன். இரண்டு வழக்குகளும் நம்முடையவை. தொல்காப்பியம் தோன்றிய காலத்திலேயே செய்யுளும் வழக்கும் என இரண்டையும் நோக்கியே இலக்கணம் வகுத்தனர். எதற்கு எது என்று அறிவதே மொழியறிவு. அந்த அறிவைக் கற்பிக்கக் குறும்படத் திரைக்கதையைவிடச் சிறந்த கருவி இல்லை. காட்சி விளக்கம் எழுத்துத்தமிழில், உரையாடல் பேச்சுத்தமிழில் என ஒரே தாளில் இரண்டும் எழுதப்படுகின்றன.

நான்கு பயிற்சிகளைப் பரிந்துரைக்கிறேன்.

ஒன்று: மாணவர் தம் வீட்டில், பெரியவர்களின் இசைவோடு, பத்து நிமிட உணவுநேரப் பேச்சைப் பதிவுசெய்து அப்படியே எழுதட்டும். திருத்தக் கூடாது. எங்கே மொழி மாறுகிறது, எங்கே பேச்சு நிற்கிறது என்று கோடிடட்டும்.

இரண்டு: ஒரு குறும்படத்தைப் பார்த்து, ஒவ்வொரு மாந்தரும் எந்த மொழியில் எத்தனை வரி பேசுகிறார், அந்த வரிகளில் எத்தனை சினம், எத்தனை அழுகை, எத்தனை நகைச்சுவை என்று அட்டவணை இடட்டும். நான் சற்றுமுன் சொன்ன கருத்தை என் சொல்லுக்காக ஏற்க வேண்டாம். எண்ணிப் பார்த்து ஏற்கலாம், மறுக்கலாம்.

மூன்று: தமிழ்க் குறும்படம் ஒன்றுக்கு வகுப்பே சேர்ந்து ஆங்கிலச் சப்டைட்டில் எழுதட்டும். எது மொழிபெயராமல் நிற்கிறதோ அதுவே தமிழ் அவர்களுக்குத் தந்திருக்கும் தனிச்சொத்து என்பதைத் தாமே காண்பர்.

நான்கு: பாட்டியிடமோ தாத்தாவிடமோ, அவர்கள் சிறுவயதில் வாழ்ந்த இடத்துக்கு வழி கேட்கட்டும். எந்தப் பேருந்து, எந்த மரம், எந்தக் கடை என்று. அந்த இடம் இன்று இல்லாதிருக்கலாம். வழி சொல்லும் மொழி இருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டவரிடம் ஒரு குறும்படத்திற்கான கதை இருக்கிறது.

இந்த நான்காம் பயிற்சிக்குக் காலவரம்பு உண்டு என்பதை மறவாதீர்கள். ஒப்படைப்பு நாளை ஆசிரியர் தள்ளிவைக்கலாம். பாட்டியின் வயதை எவராலும் தள்ளிவைக்க இயலாது. கேட்பதற்கு உங்களிடம் உள்ள தமிழ் போதுமா என்று அஞ்ச வேண்டாம். பாதித் தமிழில் கேளுங்கள். அவர்கள் முழுத் தமிழில் விடை சொல்வார்கள். கேட்டதை உங்கள் படத்தில் வையுங்கள்.